கை டிராக்டர் வைத்தியம்

எனக்குக் குனிந்தால் சுகம், நிமிர்ந்தால் நோவு. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மே தினத்துக்கு மே தினம் எங்களைத் தலைநிமிர்ந்து வாழச் சொல்லி மேடையில் முழங்குகிறார்கள். நானும் கை சிவக்கத் தட்டியிருக்கிறேன். கூட்டம் முடிந்து எழுந்து நின்றால் போதும், இடுப்பிலிருந்து இரண்டு கால்களுக்கும் ஒரு கனம் இறங்கும். கெண்டைக்கால் மரத்துப்போகும். கொஞ்சம் குனிந்தால் வந்த வழியே போய்விடும்.

முதுகுநோவு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் மற்றவர்களுக்குக் குனியும்போது வலிக்கும். நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து "அம்மாடி" என்றால் அவர்களுக்குச் சுகம். எனக்கு எல்லாமே தலைகீழ். அதனால் என் நோவை நோவு என்று ஏற்றுக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை.

நான் எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் டீச்சர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளைக் காலையில் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மூக்கைத் துடைப்பது, சோறு ஊட்டுவது, தொட்டிலை ஆட்டுவது, அடிபிடியை விலக்குவது என்று அங்கே எல்லா வேலையும் முழங்கால் உயரத்தில்தான். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பேன். ஒரு நோவும் தெரியாது. மேலிடத்திலிருந்து யாராவது வந்து, எல்லோரும் மரியாதையாக எழுந்து நின்று பேச்சுக் கேட்கிறபோதுதான் எனக்குக் கால் கழன்றுவிடும். பிள்ளைகளோடு குதிக்கிறவள் மீட்டிங் என்றால் மட்டும் நாற்காலி தேடுகிறாள் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு.

மடுவம் மேலே, பஸ் ரோட்டோரம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயம் கீழே. கொடகவெல டவுனுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கவும் மேலேதான் ஏறவேண்டும். வழி முழுக்கப் படியும் சரிவும். காலையில் முன்னால் சாய்ந்து ஏறுவேன், மூச்சுகூட வாங்காது. அந்தியில் இறங்கும்போதுதான் வினை. இறக்கத்தில் உடம்பு தானாகவே பின்னால் நிமிர்ந்துவிடும், கால் கனக்கத் தொடங்கிவிடும். நடுவழியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் குனிவேன். கால் லேசாகும். நாலெட்டு நடப்பேன். மறுபடியும் செருப்பு.

என் வீட்டுக்காரர் இஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அந்தியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்குவோம். ஒன்றாக என்றால், அவர் முன்னால் விறுவிறுவென்று, நான் பின்னால். அவர் திரும்பிப் பார்க்கிறபோதெல்லாம் நான் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பாவம், செருப்புத்தான் சரியில்லை என்று அவர் நினைத்துவிட்டார். முதலில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். பிறகு பின்பட்டை வைத்தது. பிறகு பலாங்கொடை வரைக்கும் போய், நர்ஸ்மார் போடுகிற மெத்தென்ற ஒன்று. எந்தச் செருப்பு வந்தாலும் நான் குனிவதை நிறுத்தவில்லை. செருப்பில் குறையில்லை என்று தெரிந்ததும், குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"காலையில ஆடு மாதிரி ஏறுற. எறங்கறதுக்கு மட்டும் நோவா? எறக்கத்துல போய் யாருக்காவது கால் நோவுமா?" என்பார்.

நியாயமான கேள்விதானே.

போன வருசத்துக்கு முந்திய மாரியம்மன் திருவிழாவில்தான் இது அம்பலத்துக்கு வந்தது. தீபாராதனைக்கு எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். மணி அடிக்கத் தொடங்கியபோதே எனக்குக் கால் மரத்துவிட்டது. தூணோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கற்பூரம் காட்டும்போது சாமிக்குப் பதிலாக முன்னால் நின்றவர்களின் முழங்கால்களைக் கும்பிட்டேன். பூசை முடிந்தது. வெளியில் பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். கும்மி என்றால் குனிந்து குனிந்து தட்ட வேண்டுமே, எனக்கு அதைவிடச் சுகம் வேறென்ன இருக்கிறது? பாய்ந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். சின்னப் பொண்ணுகள் களைத்து விலகிய பிறகும் நான் விடவில்லை.

என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார், ஊருக்கே கேட்கிற தொண்டை உள்ளவள். "தீபாராதனைக்கு நிக்க முடியலையாம். கும்மிக்கு மட்டும் இடுப்பு எப்புடி வளையுது பாருங்க! எங்க மதினி கொழும்புல பொறந்திருந்தா டெலி டிராமாவுல நடிச்சிருக்கும்" என்றாள்.

கோயில் வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு எதற்கும் சிரிப்பு வந்துவிடும், அது ஒரு வியாதி. சிரித்துக்கொண்டே திரும்பினால், ஆம்பிளைகள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எல்லோரையும்விடப் பெரிய சிரிப்பு அவருடையது. எனக்கு வாய் அப்படியே மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் நடிக்கிறேன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சிரிச்சா அதையும் தூக்கிப் புடிச்சிக்கிட்டு..." என்று முனகிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். இல்லை என்று அவர் சொல்லவே இல்லை.

எனக்கு அழுகை வந்தது. நோவு போகாவிட்டால்கூடப் பரவாயில்லை, இந்த மனுசன் என்னை நம்பினால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். இரண்டில் அதுதான் பெரிதாகப் பட்டது.

ஊரில் சொன்ன எண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. கடைசியில் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். முள்ளந்தண்டுக்கு உள்ளே நரம்புகள் போகிற ஒரு கால்வாய் இருக்கிறதாம். வயது போகப் போக எலும்பும் சவ்வும் தடித்து அந்தக் கால்வாய் ஒடுங்கிவிடுமாம். ஸ்டெனோசிஸ் என்று ஒரு பெயரும் சொன்னார். இப்போதைக்கு வெட்ட வேண்டியதில்லை, உடற்பயிற்சி செய்யுங்கள், கிளினிக்குக்கு ஒழுங்காக வாருங்கள் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து என் பாசையில் சொன்னேன். "முதுகுக்குள்ள ஒரு கான் இருக்காம். அது சுருங்கிப் போச்சாம்."

கான் என்றால் எங்களுக்குத் தெரியாதா? தேயிலை நிரைகளுக்கு நடுவே மழைத்தண்ணி ஓட வெட்டுகிற வாய்க்கால்தானே. என் வீட்டுக்காரர் இளவட்டத்தில் கான் வெட்டிய ஆள். "கான் அடைச்சா வெட்டித்தான் எடுக்கணும். பொறகு என்ன பயிற்சி?" என்று மம்பட்டி பிடித்த தோரணையில் கையை வீசிக் காட்டினார். எனக்கு முதுகு சில்லிட்டது.

கொழும்பில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற இடத்தில் வேலை செய்கிறாள் எங்கள் மகள். அவள்தான் போனில் சொன்னாள். "அம்மா, இங்க ஒரு கைரோபிராக்டர் இருக்காரு. மருந்து இல்ல, ஊசி இல்ல. கையாலயே முதுகெலும்பைச் சரிபண்றவரு. ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, ஸ்கேனையும் எடுத்துக்கிட்டு வாங்க."

கிளினிக்கில் கேட்டேன். பலமாகத் திருகவோ அடிக்கவோ விடாதீர்கள், படத்தைக் கட்டாயம் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

போனில் பேசும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். அவர் காதில் விழுந்தது கைரோவும் இல்லை, பிராக்டரும் இல்லை. மறுநாள் பஸ் நிறுத்தத்துக் கடை முதலாளியிடம், பொஞ்சாதியைக் கொழும்புக்குக் கை டிராக்டருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். கை என்பதையும் விடாமல் மொழிபெயர்த்து, 'அத் டிராக்டர்' என்று சுத்தமாகச் சொல்லிவிட்டார். வயலில் உழுகிற மெசினுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது முதலாளி கடையை விட்டு இறங்கி வந்து, கையைப் பிடிக்காத குறையாக வாழ்த்தினார்.

"நல்ல வேலை செஞ்சீங்க டீச்சர். எந்த நாட்டு டிராக்டர்? நம்ம வயலுக்கும் வாடகைக்குத் தருவீங்கதானே?"

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு பஸ் வந்ததுகூடத் தெரியாமல் சிரித்தேன். அடுத்த பஸ்ஸில்தான் போனேன். அதற்குள் எங்கள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அந்தப் பெரிய மெசினை இந்தப் படியில் எப்படி இறக்கப் போகிறோம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

கொழும்புக்குப் போன அன்று மகளுக்கு வேலை முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. சூப்பர்மார்க்கெட்டுக்கு உள்ளே குளிரில் நின்றோம். நிற்க முடியாமல் பக்கத்தில் கிடந்த ஒரு தள்ளுவண்டியைப் பிடித்தேன். அது தானாக உருண்டது. நானும் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கூடவே போனேன். என்ன சுகம்! சீனிப் பக்கம் போனேன், சவர்க்காரப் பக்கம் போனேன், பிஸ்கட்டைச் சுற்றி மறுபடி சீனிக்கு வந்தேன். கால் கனக்கவே இல்லை. வண்டிக்குள் ஒரு தீப்பெட்டிகூட இல்லை. வாசல் காவலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஒண்ணும் வாங்காம எதுக்கு இதத் தள்ளிக்கிட்டுத் திரியிற? மானம் போகுது."

"கால் நோவலங்க!"

"அதானே. கொழும்புல மட்டும் நோவாது" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

வேலை முடிந்து மகள் எங்களைக் கூட்டிப்போன கைரோபிராக்டர் ஒரு சின்ன வயது சிங்கள டாக்டர். படத்தைப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், பாதத்தில் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். பிறகு கேள்விகள். "அம்மா, மலை ஏறும்போது நோவா, இறங்கும்போது நோவா?"

"இறங்கும்போது."

என் வீட்டுக்காரர் நாற்காலியில் அசைந்தார்.

"குனிந்தால் குறையுமா?"

"குறையும்."

"சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளினால் சுகமாக நடக்க முடியுமா?"

என் வீட்டுக்காரர் எழுந்தேவிட்டார். என் காதோரம் தமிழில் கேட்டார். "இந்த மனுசன் நம்ம பின்னாடியே வந்தாரா? நம்ம புள்ள ஏதும் சொல்லிட்டாளா?"

நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரரே அவரிடம் சிங்களத்தில் கேட்டார், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. டாக்டர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்தார். அதைப் பின்னால் வளைத்தார். "நிமிரும்போது உள்ளே இருக்கிற வழி இன்னும் ஒடுங்கும். நரம்பு நசுங்கும்." முன்னால் வளைத்தார். "குனியும்போது கொஞ்சம் அகலும். இந்த வியாதிக்காரர்கள் எல்லோரும் தள்ளுவண்டியை விரும்புவார்கள். ஏற்றம் சுகம், இறக்கம் கஷ்டம். இந்த அம்மாவுக்கு இருப்பது அதேதான்."

என் வீட்டுக்காரர் அந்தப் பிளாஸ்டிக் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குள் ஏதோ மடை உடைந்துவிட்டது. செருப்புக் கதையைச் சொன்னார், ஒவ்வொரு செருப்பாக. படியைச் சொன்னார். மீட்டிங்கைச் சொன்னார். "கும்மி!" என்று கத்தினார். டாக்டருக்குக் கும்மி தெரியவில்லை. உடனே என் வீட்டுக்காரர், ஜென்மத்தில் கும்மி அடிக்காத மனுசன், அந்த அறைக்கு நடுவில் குனிந்து கைதட்டி ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். வெளியில் இருந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மகள் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் மட்டும் தலையை ஆட்டி, "ஆமாம், அதில் நோவு வராது" என்றார்.

என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். கை இரண்டும் தட்டிய மாதிரியே சேர்ந்திருந்தது. "அப்ப இம்புட்டு நாளும் நெசமாத்தான் நொந்திச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பிறகு வைத்தியம். இரண்டாக மடிகிற ஒரு கட்டிலில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். மடக்கென்று எலும்பு முறிகிற சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்படி எதுவும் வரவில்லை. கட்டிலின் கால்பக்கம் மெதுவாகக் கீழே இறங்கியது, ஏறியது. அவர் கை இடுப்பில் மெல்ல அமுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு இடுப்பில் கூச்சம் அதிகம். அவர் அமுக்க அமுக்க நான் நெளிந்து நெளிந்து சிரித்தேன். கட்டிலும் என்னோடு சேர்ந்து குலுங்கியது. சிரிக்க வேண்டாம் அம்மா என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார்.

மனுசன் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கானை வெட்டி அகலமாக்க எங்களால் முடியாது, அது சத்திரசிகிச்சை டாக்டர் வேலை என்றார். விறைத்துப்போன மூட்டுகளை அசைத்து, நரம்புக்குக் கொஞ்சம் இடம் பண்ணிப் பார்க்கலாம். சிலருக்கு நடக்கிற தூரம் கூடும், சிலருக்கு அவ்வளவாகப் பலன் இருக்காது. சலம், அதாவது மூத்திரம், அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமில்லாமல் இழுபட்டாலோ என்னிடம் வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று விரலை நீட்டிச் சொன்னார். என் வீட்டுக்காரர் அதைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்.

வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்திருந்தார். மல்லாக்கப் படுத்து முழங்கால்களை நெஞ்சோடு கட்டிப்பிடிக்க வேண்டும். மடுவத்துப் பாயில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் செய்து பார்த்தேன். ஒரு சின்னது கண்ணைத் திறந்து பார்த்தது. அடுத்த நாள் மடுவமே முழங்காலைக் கட்டிக்கொண்டு பாயில் உருண்டது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, யார் கால் யாருடையது என்று தெரியாமல் கத்தின. தாய்மார் வந்து, புள்ளைகளுக்கு என்ன படிச்சுக் குடுக்கிறீங்க டீச்சர் என்று கேட்டார்கள். முள்ளந்தண்டுப் பாடம் என்றேன்.

மாதத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வந்தோம். சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முன்பு நாலெட்டில் செருப்பைத் தேடினவள் இப்போது பாதி இறக்கம் வரை நிற்காமல் வருகிறேன். நிற்கும்போது ஒரு காலைச் சின்னப் படியில் தூக்கி வைத்தால் நோவு தாமதமாக வரும் என்பதும் அங்கே படித்ததுதான்.

இந்த வருசத் திருவிழாவில் கோயில் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தீபாராதனையை முழுக்கப் பார்த்தேன். சாமி முகத்தையே பார்த்தேன். கும்மியும் அடித்தேன். பூசை முடிந்து லயத்துச் சனமெல்லாம் தட்டும் பூவுமாக இறங்கத் தொடங்கியது. நல்ல வெயில். பாதி வழியில் அந்தப் பழைய கனம் மெல்ல வந்தது. பழக்கதோசத்தில் செருப்பு வாருக்குக் குனிந்தேன்.

முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தனை சனத்தையும் விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். எனக்கு ஒரு படி கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"புடி" என்றார்.

"எதையங்க?"

"தோளைத்தான். ஹேண்டில் அதான்."

எங்கள் பக்கத்தில் புருசனைத் தொட்டுக்கொண்டு ரோட்டில் நடக்கிற வழக்கம் கிடையாது. கூச்சத்தோடு அவர் இரண்டு தோளையும் பிடித்தேன். அவர் ஒரு படி கீழே நின்றதால் நான் தானாகவே முன்னால் சாய்ந்தேன். கால் லேசானது. சூப்பர்மார்க்கெட்டே எங்கள் படிக்கு இறங்கி வந்துவிட்டது.

"அண்ணே, இது என்ன கூத்து?" என்று நாத்தனார் மேலேயிருந்து கத்தினாள்.

"கை டிராக்டர்!" என்று இவரும் கத்தினார். வாயால் டுர்ர்ர் என்று ஒரு சத்தம் போட்டார், ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கத் தொடங்கினார். சனம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்குக் கோயில் வாசலில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. அதை எல்லாம் அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டு டுர்ர்ர் என்று போய்க்கொண்டே இருந்தார். சிரிப்பில் எனக்குக் கண்ணால் தண்ணி வடிந்தது.

கொஞ்சம் கீழே வந்ததும் சத்தத்தைக் குறைத்தார். திரும்பாமலே சொன்னார். "நோவுச்சின்னா சொல்லு. நிப்பாட்டுறேன்."

எனக்கு நோவவில்லை. ஆனாலும் வழியில் இரண்டு இடத்தில், நோவுதுங்க, நிப்பாட்டுங்க என்றேன். என் வாழ்க்கையில் நான் நடித்தது அன்றைக்குத்தான். இரண்டு இடத்திலும் ஒரு கேள்வி கேட்காமல் நின்றார்.